தேரில் கட்டின குலை

ஏம்மா, அந்தத் திராட்சைய எங்க வாங்குன? கம்பம் பஸ் ஸ்டாண்டுலயா? வாங்கும்போது மோந்து பாத்தியா? பாத்திருக்க மாட்ட. பன்னீர்த் திராட்சைன்னா கவரத் தொறந்ததும் பக்கத்து சீட்டுக்காரிக்கு வாசம் வரணும். நாந்தான் பக்கத்து சீட்டுக்காரி, எனக்கு வரல. நெறம் ஏறுன அன்னைக்கே வெட்டிட்டான். அவனுக்கு அவசரம், உனக்குப் புளிக்குது. ஐயோ, எனக்குக் குடுக்காத. நான் திங்கிறதில்ல. முப்பது வருசமா அதுக்குள்ளயே கெடக்கேன், மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திம்பானா?

இந்தப் பையா? வேணாம்மா, மேல வைக்க வேணாம். கீழயும் வேணாம். மடியிலயே இருக்கட்டும். உள்ள உதுர்ற சாமான் ஒண்ணு இருக்கு. தேனி வரைக்கும்தான, தாங்கிருவேன். நீ எது வரைக்கும்? ஆண்டிபட்டியா? அப்ப எனக்கப்புறமும் போற. நல்லதாப் போச்சு. அந்தக் காதுல மாட்டிருக்கதக் கழட்டி வையி. ஒண்ணு சொல்லணும். கதை இல்ல, நடந்தது. ஊரே சேந்து எனக்குப் பண்ணுன அநியாயம். நான் சத்தமாவா பேசுறேன்? முன்னால வரைக்கும் கேக்குமோ? கேக்காது. இந்த பஸ்ஸு போடுற சத்தத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது.

எம்பேரு மதலைமேரி. உத்தமபாளையம் பக்கத்துல சூசையபட்டி. வர்ற வழியில ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பந்தல் பாத்திருப்பியே, கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, மேல திராட்சைக் கொடி. அதுக்கு அடியிலதான் பொம்பளைக வேலை. பிஞ்சு கிள்றது, இலை கிள்றது, ஒவ்வொரு குலையவும் மருந்துக் கப்புல முக்குறது. எல்லாம் தலைக்கு மேல. கையத் தூக்கிக்கிட்டு, கழுத்த ஒடிச்சு மேல பாத்துக்கிட்டு. முப்பது வருசம்மா. பந்தல விட்டு வெளிய வந்து நடந்தாக்கூட ஆகாசத்தப் பாத்துக்கிட்டே நடக்குற மாதிரி ஆயிருச்சு எங்கூட்டுப் பொம்பளைகளுக்கு. "மதலைக்குத் திமிரு, தலை குனியவே மாட்டா"ன்னு ஊர்ல சொல்லுவாங்க. குனிய முடியலடா, எலும்பு தேஞ்சுபோச்சுடான்னு நான் சொன்னதில்ல. திமிருன்னே நெனைக்கட்டும்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒயின் கம்பெனிக்காரங்க வந்தாங்க. கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. பெரிய கம்பெனி, தேனியில ஆபீஸ். இந்தப் பள்ளத்தாக்குல பகல்ல நல்ல வெயிலு, பொழுது சாஞ்சா மலைக்காத்து, மாசி பங்குனியில மழை கெடையாது, செவப்பு ஒயினுக்குப் போடுற திராட்சை இங்க நல்லா வரும்னு சொன்னாங்க. ஷிராஸுன்னு ஒரு ஜாதி. வெயிலு சக்கரையக் கூட்டுமாம், குளிரு புளிப்ப நிறுத்தி வைக்குமாம். சொன்னது ஒரு சின்னப் பையன், இளம்பரிதின்னு பேரு, கம்பெனியோட வயல் ஆபீசரு. பரிதித் தம்பின்னுதான் நான் கூப்புடுவேன். அவன் ஒரு படத்தப் போட்டுக் காட்டுனான் பாரு. அதுல பந்தலே இல்ல. வேலி மாதிரி கம்பி, அதுல கொடி, நெஞ்சு ஒசரத்துல குலை. ஒரு பொம்பள நேரா நின்னு, குலைய மூஞ்சிக்கு நேரா வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கு அது போதும். கைய நிமித்தித் தூக்கிட்டேன். கூட்டத்துல பொம்பளைக கையே வேற இல்ல.

எங்கூட்டுக்காரரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. இன்னாசி. வாயில்லாப் பூச்சி. என் கையப் பாத்தாரு, தரையப் பாத்தாரு, அவரும் மெதுவாத் தன் கையத் தூக்கிட்டாரு. ரெண்டு கைன்னா ரெண்டு ஏக்கர்னு எழுதிட்டாங்க. அப்புறம் அதுல ஒண்ண அடிக்கச் சொல்றதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு.

எங்கொழுந்தன் சிலுவை இருக்கானே, அவந்தான் மொத ஆளா எந்திரிச்சது. "மதினி, ஆழம் தெரியாம காலை விடாதீங்க. நம்ம பன்னீரு எந்த ஊருச் சந்தைக்குப் போனாலும் வெலை போகும். இதக் கம்பெனிக்காரன் வேணாம்னா ஆடுகூடத் திங்காது"ன்னான். அவன் தோட்டம் எங்க தோட்டத்துக்கு அடுத்தது, கெணறு ரெண்டு பேருக்கும் பொது. நான் சொன்னேன், "ஆடு திங்காட்டி நீ தின்னு"ன்னு. மண்டபமே சிரிச்சுச்சு. அவனும் சிரிச்சான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்காது.

ரெண்டு வருசம் கொடி வளக்கவே போச்சு. இந்த வருசந்தான் மொத வெள்ளாம. ஆவணியில கவாத்து வெட்டுனோம், நானே கத்திரி எடுத்து வெட்டுனேன். எங்க ஊர்ல பொம்பளை கவாத்து வெட்ட மாட்டா. நான் வெட்டுனேன். துளுத்து, பூத்து, காய் பிடிச்சு, தை மாசம் கறுப்பு ஏறுச்சு. காய் எம்புட்டு இருந்துச்சு தெரியுமா? இந்தா, உன் சுண்டுவிரல் நகம். ஊர்ல பேரு வச்சுட்டாங்க, மதலை வீட்டு மணத்தக்காளின்னு. கோயிலுக்குப் போனா, "என்ன மதலை, வத்தக்குழம்புக்கு ஒரு கிலோ குடு"ங்கிறாளுக. பரிதித் தம்பிக்கிட்டப் போயி, மருந்துல முக்குனா காய் பெருக்கும், எங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான், முக்கவான்னு கேட்டேன். அவன் பதறிப்போனான். "அக்கா, ஒயினுக்கு நெறமும் துவர்ப்பும் தோல்ல இருந்துதான் வருது. சின்னக் காய்க்குத்தான் தோல் அதிகம், தண்ணி கம்மி. நீங்க பெருக்க வைக்கவே கூடாது"ன்னான்.

அதவிடப் பெரிய கூத்து தண்ணி. கடைசி இருபது நாள் ஒரு சொட்டுத் தண்ணி விடக்கூடாதாம். கொடி காயணுமாம், காஞ்சாத்தான் சக்கரை ஏறுமாம். சக்கரை அளவு இருபத்திரண்டு வந்தாத்தான் எடுப்பாங்க. ஒரு குழல் வச்சிருக்கான், அதுல ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்துக்கு நேரா வச்சுப் பாத்தா உள்ள நம்பர் தெரியும். மொத வெள்ளாமையில அந்த நம்பரு வரலைன்னா கம்பெனி நம்மள விட்டுரும். ஒயின் திராட்சைய வேற எவனும் வாங்க மாட்டான், அம்புட்டு விதை. சிலுவை சொன்ன ஆட்டுக் கதைதான்.

இப்ப நீ யோசிச்சுப் பாரு. எங்க ஊர்ல தண்ணி கேக்குற கொடிக்குத் தண்ணி விடாதவன மனுசனாவே சேக்க மாட்டாங்க. பங்குனி வெயிலு. கெணத்துல தண்ணி கெடக்கு. என் முறை வருது, நான் மோட்டாரப் போடல. சிலுவை தோட்டத்துல சொட்டு நீரு ஓடுது, எங்க தோட்டத்துல இலை சுருண்டு தொங்குது. போறவ வர்றவ எல்லாம் வரப்புல நின்னு பாத்துட்டு, "ஏன் மதலை, பச்சப்புள்ளையப் பட்டினி போடுற மாதிரி இருக்கே"ங்கிறா. எங்கூட்டுக்காரரு தோட்டத்துக்கு வர்றதயே நிறுத்திட்டாரு. பாக்க முடியலையாம். வாசல்ல உக்காந்து சும்மா வாளியக் கழுவிக்கிட்டே இருப்பாரு.

எனக்கு யாரையும் நம்பிக்கை இல்ல. எவனாச்சும் பாவம் பாத்துத் தொறந்து விட்டுருவான். அதனால வால்வுல சங்கிலி சுத்தி, பூட்டுப் போட்டு, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். குளிக்கும்போதுகூட எடுக்கல. மார்ச் பதினஞ்சாந்தேதி பரிதி வந்து குழல்ல பாத்தான். இருபத்தொண்ணரை! குதிச்சான் அந்தப் பையன். "அக்கா, இன்னும் ஒன்பது நாள், இருபத்துநாலாந்தேதி வெட்டுறோம். இந்தப் பள்ளத்தாக்குலயே உங்க தோட்டந்தான் மொத தோட்டம்"னான். அன்னைக்கு நான் நடந்த நடையப் பாத்திருக்கணும் நீ.

சின்னமனூரு வந்துருச்சா? கொஞ்சம் நகந்து உக்காரு, அந்தப் புள்ளத்தாச்சிக்கு எடம் விடுவோம். வாம்மா, உக்காரு. திராட்சை வேணுமா? இவகிட்ட இருக்கு, புளிக்கும்.

எங்க விட்டேன்? ஆ, தேரு. எங்க ஊருக்குச் சூசையப்பர்தான் பாதுகாவலர். மார்ச் பத்தொன்பது திருவிழா. அன்னைக்கு வெயில் தாழ தேரு கெளம்பும். தேருக்கு முன் வளைவுல, சூசையப்பர் காலுக்கு நேரா, அந்த வருசத்து நல்ல குலை ஒண்ணக் கட்டுவோம். ஊர்ல அம்புட்டுத் தோட்டம் இருக்கு, ஒரு குலைதான் முன்னாடி. பதினோரு வருசம் என் குலைதாம்மா அங்க தொங்குச்சு. பன்னீரு போட்ட காலத்துல. புதுக் கொடி வளத்த ரெண்டு வருசந்தான் விட்டுப்போச்சு. அது பக்தின்னு சொல்லிக்கலாம். பக்தி இல்ல. ரோசம்.

இந்த வருசம் மறுபடி என் குலைதான்னு போய்ச் சொன்னேன். கமிட்டித் தலைவரு தொம்மை, மூக்குப்பொடிய உறிஞ்சிக்கிட்டே, "சாராயக் கம்பெனிக்குப் போற பழத்த எப்படிம்மா தேர்ல கட்டுறது"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு. "ஏன் மாமா, பூசையில சாமியாரு தூக்கிக் காட்டுறாரே பாத்திரத்துல, அது திராட்சை ரசம் இல்லாம மோரா?"ன்னு கேட்டேன். கோயிலுக்குள்ளயே கேட்டேன். பக்கத்துல நின்ன சாமியாரு தாடியத் தடவுனாரு. நல்ல மனுசன், சிரிப்ப அடக்கத் தெரியாது. "பழம் எங்க போகுதுங்கிறதெல்லாம் சூசையப்பருக்குப் பிரச்சனை இல்ல. கூட்டத்துக்குக் குலை தெரியணும், அம்புட்டுதான். நீயும் கொண்டா, சிலுவையும் கொண்டு வரட்டும். திருவிழா அன்னைக்குக் காலையில பாத்து, பெரிய குலைய முன்னாடி கட்டுவோம்"னாரு.

பெரிய குலை! சிலுவை பன்னீரு ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு. என்னுது மணத்தக்காளி. தொம்மை மாமா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. அவரு பொண்டாட்டி பொத்தாமச் சிரிச்சா.

சரி, அத விடு. திருவிழா வந்துச்சு. பதினாறு, பதினேழு ரெண்டு நாளும் சாயங்காலம் நவநாள் செபம், ஊரே கோயில்ல. எனக்குத் தலைவலி, நான் போகல. பத்தொன்பதாந்தேதி விடியக்காலையில தோட்டத்துக்குப் போயிப் பாத்தா, குலையெல்லாம் தளதளன்னு நிக்குது. இலை நிமிந்திருக்கு. காய் திரண்டு ஒண்ணோட ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்குது. மலையில எங்கயோ மழை பேஞ்ச காத்து, இல்லாட்டி சூசையப்பர் புண்ணியம். அதுல ஒண்ண வெட்டி வாழையிலையில வச்சுக் கொண்டு போனேன்.

சிலுவை என்ன கொண்டு வந்தான்கிற? ஒரு கைப்பிடிக் குலை. நுனி சூம்பிப்போயி, பாதிக் காய் உதுந்து. அம்புட்டுப் பெரிய தோட்டத்துல அவனுக்கு ஒரு நல்ல குலை கெடைக்கல பாத்தியா! அவன் பொண்டாட்டி கூட, "ஏங்க, கெணத்தடியில தொங்குச்சே ஒண்ணு, அதுக்கென்ன"ன்னு ஆரம்பிச்சா. அவன் ஒரு மொற மொறச்சான், வாய மூடிக்கிட்டா. தோத்தவன் வீட்டுல அப்படித்தான் சொல்லிக்கிடுவாங்க, வீட்டுல பெருசா ஒண்ணு இருக்குன்னு. என் குலைய முன்னாடி கட்டுனாங்க. பன்னெண்டாவது தடவை. தொம்மை மாமா கையாலயே கட்ட வச்சேன்.

வெயில் தாழ தேரு கெளம்புச்சு. பேண்டு முழங்குது. நான் தேருக்கு முன்னாலயே நடக்குறேன், என் குலையப் பாத்துக்கிட்டே. மேலத்தெரு திரும்பும்போது ஒரு குளவி வந்துச்சு. குலையில உக்காந்துச்சு. அப்புறம் நாலு. அப்புறம் பாக்குறேன், ஒரு கூட்டமே. தேர் தூக்குறவனுக கையில குளவி, கழுத்துல குளவி. ஒருத்தன் ஐயோங்குறான், ஒருத்தன் அம்மாங்குறான், சூசையப்பரு சாயுறாரு. சிலுவைதான் தோள் துண்ட உருவி, குலைய மூடிப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கோயில் திரும்புற வரைக்கும் அப்படியே நடந்தான். ஏழெட்டுக் கொட்டு, கை வீங்கிப்போச்சு. அதுக்காக அவன நல்லவன்னு சொல்லிர முடியாது.

நல்ல பழத்துல குளவி உக்காராதும்மா. தோலு கிழிஞ்ச பழத்துலதான் உக்காரும். நான் கிட்டப் போயிப் பாத்தேன். காய் வெடிச்சிருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, குலை பூராவும். சாறு வழிஞ்சு சூசையப்பர் பாதத்துல சொட்டிக்கிட்டு இருக்கு. சுத்தி எல்லாரும் செபம் சொல்றாங்க. குலை இப்படின்னா தோட்டம் எப்படி? பேண்டு முழங்க முழங்க, திருவிழாச் சேலையோட தோட்டத்துக்கு ஓடுனேன். கெணத்துப் பக்கம் நாலு வரிசை பூராவும் வெடிச்சுக் கெடக்கு.

இருபத்துநாலாந்தேதி பரிதி வந்தான். குழல வச்சுப் பாத்தான், தொடச்சுட்டு மறுபடி பாத்தான். வேற வரிசை, வேற குலை. பத்தொன்பது. அவன் மூஞ்சி செத்துப்போச்சு. கீழ குனிஞ்சு சொட்டுக் குழாய்க்கு அடியில மண்ணத் தோண்டி மோந்து பாத்தான். படிச்ச பையன்ல. "அக்கா, இதுக்குத் தண்ணி விட்டிருக்கு. யாரு விட்டது?"ன்னான்.

சிலுவையும் அங்கதான் நிக்கான், வீங்குன கையோட. எங்கூட்டுக்காரரும் நிக்காரு. நான் சிலுவையப் பாத்தேன். வாயத் தொறந்துட்டேன், சொல்லப் போறேன், கெணறு பொதுதான, அவனுக்கு என் மேல எரிச்சல்தானன்னு. அதுக்குள்ள எங்கூட்டுக்காரரு, "நாந்தான் தம்பி"ன்னுட்டாரு.

"நாந்தான் தம்பி. கொடி வாடுறதப் பாக்க முடியல. அவ அசந்திருந்தப்ப சாவிய எடுத்துத் தொறந்து விட்டேன்"னு.

பாவம் பாத்து வெள்ளாமையக் கெடுத்தவருன்னு இப்ப ஊரே பேசுது. டீக்கடையில, "இன்னாசி, டம்ளரு காஞ்சு கெடக்கு, கொஞ்சம் பாவம் பாரு"ங்கிறான் ஒருத்தன். அவரு சிரிச்சுக்கிட்டே டீயக் குடிக்கிறாரு. கம்பெனி ஒரு குலையக்கூட எடுக்கல. அம்புட்டையும் வெட்டிக் குழியில போட்டோம். அவருதான் போட்டாரு. நான் வரப்புல உக்காந்திருந்தேன்.

பரிதி நல்ல பையன், மேனேஜர்கிட்டப் போயி எங்களுக்காகப் பேசிருக்கான். போன வாரம் வந்து சொன்னான். "அக்கா, உங்க உழைப்பு எங்களுக்குத் தெரியும். அண்ணன நம்பித்தான் விட முடியல. இனிமே தோட்டத்துக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்னு அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இன்னொரு வருசம் தரலாம்னு மேனேஜர் சொல்றாரு"ன்னான். எங்கூட்டுக்காரரு யோசிக்கக்கூட இல்ல. "போட்டுரலாம் தம்பி"ன்னாரு. "எங்க போடணும்?"னாரு.

அதுக்குத்தான் போறோம். இன்னைக்கு பதினோரு மணிக்கு மேனேஜரு வரச் சொல்லிருக்காரு.

என்னம்மா பாக்குற? நீ என்னமோ கேக்க வந்த, கேளு. சாவி எங்கன்னுதான? அதத்தான கேக்குற. இம்புட்டு நேரம் கதை கேட்ட நீயே கேக்குற, அந்தக் கம்பெனிக்காரன் ஒருத்தன் கேக்கல பாரு! சாவி என் இடுப்புலதாம்மா இருந்துச்சு. முப்பது வருசத்துல அந்த மனுசன் என் இடுப்புல இருந்து கேக்காம ஒரு சுண்ணாம்பு டப்பாவக்கூட எடுத்ததில்ல. சாவிய எடுத்தாராம்!

நாந்தாந் தொறந்தேன். ஆமா. நாந்தான். பதினாறாந்தேதி சாயங்காலமும் தொறந்தேன், பதினேழாந்தேதி சாயங்காலமும் தொறந்தேன். ஒலிபெருக்கியில ஊரு பூராவும் செபமாலை கேக்குது, நான் வால்வுக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து அதுக்குப் பதில் செபம் சொல்லிக்கிட்டே தண்ணி விட்டேன். பெரிய குலை வேணும்னாங்கல்ல, இந்தா பெரிய குலைன்னு. ஒரு வரிசைக்கு மட்டும் விடலாம்னுதான் நெனச்சேன், ஆனா அந்த வால்வு ஏக்கர் பூராவுக்கும் ஒண்ணுதான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அப்பத் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன்.

இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்க. தண்ணி போயி வேர்ல விழுந்ததும் அந்தக் கொடி ஒரு மூச்சு விட்டுச்சும்மா. சிரிக்காத. முப்பது வருசம் திராட்சைக்குள்ள கெடந்தவ சொல்றேன். பன்னெண்டு நாள் என்னைய அதுக பாத்துக்கிட்டே இருந்துச்சுக. தேரு ஒரு சாக்கு. அதுவும்தான், இதுவும்தான். எவ்வளவு தேரு, எவ்வளவு இதுன்னு குழல வச்சு அளந்தா சொல்ல முடியும்?

பதினெட்டாந்தேதி காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், என் செருப்பு கழுவி வாசல்ல காஞ்சுக்கிட்டு இருக்கு. மொத நாள் அதுல தோட்டத்துச் சகதி. காஞ்சு கெடக்குற தோட்டத்துல சகதி எங்கருந்து வரும்? அவரு கழுவிருக்காரு. கேக்கல. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் நாலு கத்து கத்திச் சொல்லிருப்பேன்.

எனக்கு அவரு மேல இருக்கிற கோவம் இருக்கே, அது கொஞ்சநஞ்சம் இல்ல. அவரு யாரு என் தப்ப எடுத்துக்கிறதுக்கு? அந்தத் தோட்டத்துக்குக் கையத் தூக்குனது நானு. கவாத்து வெட்டுனது நானு. பேரு வாங்குனா எனக்கு, கெட்ட பேரு மட்டும் அவருக்கா? எனக்குன்னு நானாச் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான், அதையும் பிடுங்கிக்கிட்டாரு. பேசுறவதான நான்? சாமியாருகிட்டப் பேசுனேன், தொம்மைகிட்டப் பேசுனேன். அன்னைக்கு அவரு நாந்தான்னு சொன்னப்ப, இல்ல, நானுன்னு ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு வரலம்மா எனக்கு. ஒரு மாசமா வரல. கஞ்சி ஊத்தும்போது வாய் வரைக்கும் வரும், அவரு உப்புப் போதும்பாரு, போயிரும்.

சொன்னா கம்பெனி என்ன பண்ணும்? விட்டுருவாங்க. அண்ணன நம்ப முடியல, அக்காவத்தான் நம்புறோம்னு சொன்னவங்க. அந்த அக்காவே திருடின்னா? கண்டிப்பா விட்டுருவாங்க. பேசாம இருந்தா தோட்டம் எனக்கு. கையெழுத்து அவருக்கு. அம்புட்டுதான் வித்தியாசம்.

அவரு தோட்டத்துக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு எழுதி வாங்க எவனுக்கு உரிமை இருக்கு? அந்தக் கல்லுக்கால் ஒவ்வொண்ணும் அவரு தோள்ல சுமந்து நட்டது. பரிதிக்கும் உரிமை இல்ல, மேனேஜருக்கும் இல்ல. எனக்குத்தான் இருக்கு, நான் போடான்னாப் போவாரு. அப்படி நான் சொல்ல மாட்டேன்.

அதனால இன்னைக்கு நடந்ததச் சொல்லப் போறேன். அந்தக் காயிதத்த எடுக்குறதுக்கு முன்னாடி சொல்லிரணும். இந்தா பாரு, பைக்குள்ள. தொடாத, உதுரும். தேர்ல கட்டுன குலை. திருவிழா முடிஞ்சா குலைய அந்தந்த வீட்டுக்கே குடுத்துருவாங்க, சூசையப்பர் படத்துக்குக் கீழ கட்டி வைப்போம். எப்படிக் காஞ்சிருக்கு பாரு, ஒவ்வொண்ணுலயும் வெடிச்ச கோடு. இத மேனேஜரு மேசையில வச்சு, இதுக்காகத்தான் சார் தொறந்தேன், நாந்தான் தொறந்தேன், சாவி என் இடுப்புல இருந்துச்சுன்னு சொல்லுவேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன். கொடிக்குத் தண்ணி விட்டதுக்கு மன்னிப்புக் கேக்குற ஊர்ல நான் பொறக்கல. தப்பு நடந்துச்சு, அது என்னுதுன்னு சொல்லுவேன். வச்சுக்கிட்டா வச்சுக்கட்டும். விட்டா விடட்டும். கம்பெனி போனா கொடியும் போயிருமா? கம்பி என்னுது, கொடி என்னுது. அடுத்த ஆவணியில கவாத்து வெட்டுவேன். இருபது நாள் தண்ணி நிறுத்துவேன். வாங்க ஒருத்தன் வருவான். வராட்டி ஆட்டுக்குப் போடுவேன்.

உன்கிட்ட எதுக்குச் சொன்னேன்கிற? ஊர்ல யாருகிட்டயும் சொல்லிப் பாக்க முடியாது. நீ ஆண்டிபட்டி போயிருவ, இனிமே உன்னைய நான் பாக்கப் போறதில்ல. ஒரு தடவையாச்சும் வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும்ல, வருதா வரலையான்னு. வந்துருச்சு. குரல் நடுங்குச்சா? கொஞ்சமா? கொஞ்சம் பரவாயில்ல.

அந்தா, முன்னாடி டிரைவருக்குப் பின்னால கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரு நிக்கிறாரு பாரு. வெள்ளச் சட்டை. பையில பேனா சொருகிருக்காருல்ல? ஒரு நாளும் பேனா வச்சுக்கிறவரு இல்ல. கையெழுத்துப் போடணும்ல, அதான் நேத்தே புதுசா வாங்கி வச்சிருக்காரு. அவருதான் எங்கூட்டுக்காரரு. உத்தமபாளையத்துல இருந்து நின்னுக்கிட்டே வர்றாரு, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு. எனக்குத் தண்ணி வேணுமான்னு கையக் காட்டுறாரு பாரு. வேணாம்! வேணாங்கிறேன்ல!

தேனி வந்துருச்சு. நான் வரேம்மா. நீ அந்தப் பழத்த வீட்டுக்குக் கொண்டு போயி ரெண்டு நாள் வெளிய வையி, கொஞ்சம் புளிப்பு எறங்கும். எறங்காது. சும்மா சொன்னேன், மனசு கேக்கல. கொஞ்சம் காலை மடக்கிக்க.

எறங்கிட்டாரு. படிக்குக் கீழ நின்னுக்கிட்டு கைய நீட்டுறாரு பாரு, பையக் குடு, பையக் குடுன்னு. குடுக்க மாட்டேன். இன்னைக்கு இத நாந்தான் தூக்கணும்.